பட்டினிக்காரர்கள் நடுவே மருதை

“என்ன ரெங்கராஜ் சார், இட்லி எறங்குச்சா? ரெண்டா? அது பச்சப்புள்ள கணக்கு. வீட்டம்மா, இன்னொண்ணு வைங்க!”

காலையில் கரண்ட் வைக்கிற இடத்துக்குள் மருதை நுழைந்தால் முதல் சத்தம் இதுதான். புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பதைத் திருச்சிப் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வது. நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை அவர் நோயாளியாகப் பார்ப்பதே இல்லை. அவர் கண்ணுக்கு அது ஒரு பந்தி. இலைதான் இன்னும் போடவில்லை. காட்டூர் ரெங்கராஜின் சம்சாரம் டிபன் டப்பாவைத் திறந்து, மறுபேச்சில்லாமல் மூன்றாவது இட்லியை வைத்துவிடுவார்.

மருதைக்கு ஊர் முசிறி. பிழைப்பு ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களில், பந்தி விசாரிப்பது. அவரிடம் சட்டம் ஒன்றே ஒன்று: முதல் ‘போதும்’ செல்லாது. இலைக்கு மேல் கையை மறைத்தால் விரல் இடுக்கு வழியாகப் பாயசத்தை இறக்கிவிடுவார். “கையை மறைக்கிறவனுக்குத்தான் பசி பாக்கி இருக்கும். நெசமா வயிறு ரொம்புனவன் எலையை மூடிட்டு எந்திரிச்சுருவான்” என்பார். பாயசத்துக்குப் பயந்து இலையோடு எழுந்து ஓடிய பெரிய மனுஷர்கள் ஸ்ரீரங்கத்தில் உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கு உணவுக்குழாயில் புற்று. ஊரைத் திங்க வைத்த மனுஷருக்கு ஒரு பருக்கை இறங்காது. மோர், இளநீர், வடித்த கஞ்சி, அவ்வளவுதான். அது மூளைக்கும் ஏறிவிட்டது என்று தெரிந்தது ஒரு முகூர்த்தத்தில். இடது கையில் பிடித்திருந்த சாம்பார் வாளி தானாக நழுவிச் சம்பந்தியம்மாள் காலடியில் விழுந்தது. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். முழுசாகக் குணமாகாது. தலைக்குக் கரண்ட் வைத்தால் தலைவலி அடங்கும், கை கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்கும். அப்புறம் உணவுக்குழாய்க்குள் ஸ்பிரிங் போல ஒன்றை வைத்து வழி பண்ணலாம்.

“புரியுதுங்கம்மா. புதுப் பாத்திரம் இல்ல, ஈயம் பூசித் தர்றீங்க” என்றார் மருதை.

மூளை வீக்கத்துக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுத்த மாத்திரைதான் பெரிய கூத்து. அது அகோரப் பசியைக் கிளப்பிவிட்டது. “பந்தியை உக்கார வச்சுட்டு அடுப்பை அணைச்சா எப்படிங்க?” என்று அந்த மாத்திரையிடமே கேட்பார்.

எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிட்டார். தள்ள முடியாதது ஒன்றுதான், அவர் சம்சாரம் வேணி. அவருக்குக் குழாய் அடைத்த நாளிலிருந்து அவளும் சோற்றைத் தொடவில்லை. அவர் குடிப்பதுதான் அவளுக்கும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒருநாள் மயங்கி, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் மேலேயே சாய்ந்தாள்.

“அடியே, ரெண்டு வாய் தின்னுடி.”

“நீங்க ஒரு வாய் முழுங்குங்க, நானும் முழுங்குறேன்.”

“ஆயிரம் பேரு நான் சொன்னாத் திங்கிறான்டி!”

“அவங்க மொய் எழுதிட்டு வந்தவங்க. நான் உங்களைக் கட்டிக்கிட்டு வந்தவ.”

இந்த ஒரு இலையில் மட்டும் மருதையின் கரண்டி விழவே இல்லை.

கரண்ட் வைக்கும்போது தலை அசையக்கூடாதாம். அதற்காக வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, துவண்டதும் முகத்தில் அப்பி ஆறவிட்டார்கள். மூஞ்சியின் அச்சாகவே அது இறுகி நின்றது. “இடியாப்பத் தட்டுக்கும் இதுக்கும் மூக்குதான் பாய் வித்தியாசம்” என்றார் மருதை. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ருல்லா சிரித்துக்கொண்டே, போகப்போக முடி கொட்டிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

அது போதாதா? மெஷினுக்கு வீணாகப் போகிற முடி ஆத்தாளுக்குப் போகட்டுமே! ஞாயிற்றுக்கிழமை வேணியையும் இழுத்துக்கொண்டு சமயபுரம் போனார். காடு மாதிரி இருந்த சுருட்டை முடியை இறக்கினார். சந்நிதியில் நின்று, “ஆத்தா, என் முடியை எடுத்துக்க. இவளைத் திங்க வை” என்று சத்தமாகவே வேண்டினார்.

வெளியே வந்ததும் வேணி இடுப்பில் கை வைத்தாள்.

“ஏங்க, இது என்ன மாசம்?”

பங்குனி. சனங்களுக்காக ஆத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கும் நாள். அவளுக்கே சோறு படைக்க மாட்டார்கள். இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு, அவ்வளவுதான்.

“பட்டினி கிடக்குறவகிட்டயே போயி சோத்துக்குச் சிபாரிசு கேட்டிருக்கீங்களே! அவளே திங்கல, நான் திங்கணுமா?”

மருதை மொட்டையைத் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை முகமூடியை மாட்டினால், அண்டாவுக்குள் போட்ட டம்ளர் மாதிரி தலை உள்ளே ஆடுகிறது. நஸ்ருல்லாவுக்கு வந்ததே கோபம்!

“யா அல்லாஹ்! முடியோட அளவெடுத்தா மொட்டையோட வந்து படுக்குறீங்களே! மறுபடி வெந்நீர் போடணும், மறுபடி ஸ்கேன் எடுக்கணும். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கோவிச்சுக்காதீங்க பாய். காலையில சாப்பிடலையா? வெறும் வயித்துலதான் இப்படிக் கோவம் வரும்.”

“நோன்புங்க!” என்று கத்தினார் நஸ்ருல்லா.

மருதை இடிந்துபோய் உட்கார்ந்தார். “சாமி பட்டினி, பொண்டாட்டி பட்டினி, கரண்ட் வைக்கிறவரும் பட்டினி. பந்தி விசாரிக்கிறவன் எங்கதான் போறது?”

புது முகமூடி தயாராகி, ஒருவழியாக அவரைப் பலகையில் படுக்க வைத்தார்கள். முகமூடியை இறுக்கிப் பூட்டியாயிற்று. வாய் திறக்க முடியாது. “கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டு நஸ்ருல்லா வெளியே போய்க் கதவைச் சாத்தி, உள்ளே படுத்திருப்பவரைக் காட்டும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பட்டனைத் தொடுமுன்னே வலது கை மேலே வந்துவிட்டது.

“என்னங்க? மூச்சு முட்டுதா?” என்று மைக்கில் பதறினார்.

கை ‘இல்லை’ என்று ஆடியது. ஐந்து விரலும் கூடி வாய்ப் பக்கம் போனது. அப்புறம் கதவுப் பக்கம் நீண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வேணி.

நஸ்ருல்லா வெளியே வந்தார். “அம்மா, உங்க வீட்டுக்காரர் கையை எறக்க மாட்டேங்கிறார். நீங்க ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நான் மெஷினைப் போட முடியும். நோன்புக்காரனை இப்படி அலைய விடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

ரெங்கராஜின் சம்சாரம் டப்பாவை நீட்டினார். வேணி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு விள்ளல் இட்லியை எடுத்து, கண்ணில் நீர் வர மென்று விழுங்கினாள்.

நஸ்ருல்லா ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். “சாப்பிட்டுட்டாங்க ஐயா. என் கண்ணால பாத்தேன். போதுமா?”

டிவியில் கை இறங்கவில்லை. நான்கு விரல் மடங்கியது, ஆள்காட்டி விரல் மட்டும் விறைப்பாக நின்றது. இன்னொண்ணு.