கூட்டம் பாடும் நாலு வரி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிகழ்ச்சி மாலை நாலு மணிக்குத்தான். பத்து மணிக்கே புடவை கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கிளம்பிய டீச்சர் மாதிரி இருந்தது. அவிழ்த்துவிட்டுச் சுடிதார் போட்டேன். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் எப்போதும் போடும் ஜீன்ஸும் கறுப்புச் சட்டையும்தான். அடுக்களைக்கும் வாசலுக்குமாக நான் நடப்பதைப் பார்த்து அம்மா, "பாடப் போறது நீயா, அவனா? ஒரு எடத்துல உக்காரு கண்ணு," என்றாள். எரிந்து விழுந்தேன். அம்மா தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

பாடப் போகிறவன் என் தம்பி. என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவன். மைசூரில் முப்பது வருடமாக இருக்கும் ஒரு ராக் பேண்டில் அவன் புதுப் பாடகனாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் முதல் மேடை.

அந்த பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பையன்களாக ஆரம்பித்தவர்கள் இப்போது தலை நரைத்தவர்கள். லீட் கிடார் வாசிக்கிறவருக்குச் சொந்தமாக கார் கராஜ் இருக்கிறது, டிரம்ஸ் வாசிக்கிறவர் கல்லூரி ஒன்றில் லேப் அட்டெண்டர். கன்னடத்தில் அவர்களே எழுதி இசையமைத்த பாட்டுகள். இந்த ஊருக்கு வெளியே அவர்களை யாருக்கும் அதிகம் தெரியாது, ஊருக்குள் தெரியாதவர்கள் இல்லை. பாடகர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிலும் அக்கறை இல்லாதவர் போல மேடைக்கு வருவார். வாயைத் திறந்தால் அந்தக் கரகரப்பான குரல் முதுகுத்தண்டைப் போய்த் தொடும். போன வருடம் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இனிமேல் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். செய்தி கேட்ட அன்று நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன். கூட இருந்தவர்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த இடத்துக்கு என் தம்பி வந்தான். விநாயகர் சதுர்த்தி ஆர்க்கெஸ்ட்ராவில் அவன் பாடியதைக் கராஜ்காரர் கேட்டிருக்கிறார். மறுநாளே கூப்பிட்டுவிட்டார். அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். உள்ளே என்ன நடந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறாமை.

பத்தொன்பது வயதில் ஒரு முறை நான் அந்தக் கராஜுக்குப் போயிருக்கிறேன். பேண்டில் கூடப் பாட இன்னொரு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கார்களுக்கு நடுவில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடினேன். மரியாதையாகக் கேட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல குரல்தான், ஆனால் நம் பாட்டுக்குப் பெண் குரல் ஒத்து வராது என்றார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் நாலு வரிகள். அவர்களுடைய பேர்போன பாட்டு ஒன்று உண்டு, மழைக்காகக் காத்திருக்கும் ஊரைப் பற்றியது. மேடையில் அதன் முதல் நாலு வரிகளைப் பாடகர் பாட மாட்டார். கிடார் நின்றுவிடும், டிரம் மட்டும் மெல்ல அடித்துக்கொண்டிருக்கும். அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவார். கூட்டம்தான் பாடும், கேசட்டில் இருப்பதைவிட மெதுவாக, இழுத்து இழுத்து. ஐந்தாவது வரியில் அவர் சேர்ந்துகொள்வார். யார் எப்போது ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. நான் போன எல்லா நிகழ்ச்சிகளிலும் அப்படித்தான். இருபது வருடமாக முதல் வரிசையில் இடம் பிடித்து, கையைத் தூக்கி, தொண்டை கிழிய அந்த நாலு வரிகளைப் பாடியிருக்கிறேன். அது என் மேடை.

தம்பிக்கு இது தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பேண்ட் வருடத்துக்கு ஒரு முறை வாசித்தால் பெரிது. அவர்கள் மறுபடி மும்முரமாக ஆரம்பித்தபோது அவன் ஓசூரில் வேலையில் இருந்தான். பழைய கேசட்டைக் கேட்டுத்தான் பாட்டைப் பாடம் பண்ணினான். கேசட்டில் அந்த நாலு வரிகளைப் பாடகரே பாடியிருக்கிறார். பேண்டுக்காரர்களோ ஒத்திகையில் அந்தப் பாட்டைத் தொடவே இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்போம், அதற்கு எதற்கு நேரம் என்று புதிய பாட்டுகளையே பழகினார்கள். மைசூரில் இருக்கிற ஒருவனுக்கு அந்த வழக்கம் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

எனக்குத் தோன்றியது. முதல் நாளே தோன்றியது. அவன் கூடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடினான். நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதை நீ பாடக் கூடாதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் பாடினான். அதற்கடுத்த நாளும். அழகாகவே பாடினான், அதுதான் கொடுமை. ஒவ்வொரு நாளும் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று. ஒரு வாரம் கழித்து, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை என்பது அவன் பாடுவதிலேயே தெரிந்தது.

முதல் வரிசைக்கு எனக்கு ஒரு பாஸ் வாங்கி வைத்திருந்தான். "அக்கா, நீ வேற எங்கயும் உக்காரக் கூடாது. அந்த நடு சீட்டுதான்," என்று இரண்டு முறை சொன்னான். கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் பயந்துக்குவான் கண்ணு. பக்கத்துல இருந்து பாத்துக்க," என்றாள். தலையை ஆட்டினேன்.

கல்லூரி மைதானம் ஒன்றில் மேடை போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பழைய முகங்கள் எல்லாம் வந்திருந்தார்கள், சிலர் கல்லூரி வயது பிள்ளைகளோடு. "புதுப் பையனாமே, தேறுவானா?" என்று பக்கத்தில் இருந்தவர் கன்னடத்தில் கேட்டார். என் தம்பி என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மேடைக்குப் பின்னால் போய் இப்போதாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் நின்றேன். ஒலிபெருக்கியில் பேண்டின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன். நேரம் இருந்தது. ஓடியிருந்தால் போயிருக்கலாம்.

முதல் மூன்று பாட்டுகள் நன்றாகப் போயின. என் தம்பியின் குரலில் கரகரப்பு இல்லை, ஆனால் பழையவர் எட்டிப் பிடிக்கத் திணறுகிற உச்சியை இவன் நின்ற இடத்திலிருந்தே தொட்டான். கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் பரவாயில்லையே என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறுக்கவும் முடியவில்லை.

நாலாவதாக அந்தப் பாட்டு. கிடார் நின்றது. டிரம் மெல்ல விழுந்தது. கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாட ஆரம்பித்தான்.

கூட்டமும் ஆரம்பித்தது. அவன் கேசட்டின் வேகத்தில் போனான், இவர்கள் தங்கள் வேகத்தில் இழுத்தார்கள். இரண்டாவது வரியில் இரண்டும் முட்டிக்கொண்டு வெறும் இரைச்சலாயிற்று. சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "மைக் நமகெ கொடு குரு!" என்று கத்தினான். மைக்கை எங்களிடம் கொடு என்று இன்னும் பத்துப் பேர் கத்தினார்கள். விசில் பறந்தது. தம்பி மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். கண்ணைத் திறந்தான். நேராக என்னைத்தான் பார்த்தான்.

என் கை மேலே இருந்தது. என் வாய் திறந்திருந்தது. நானும் பாடிக்கொண்டிருந்தேன், கூட்டத்தின் வேகத்தில், அவனுக்கு எதிராக.

கராஜ்காரர் வந்து மைக் ஸ்டாண்டைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். எல்லோரும் மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். தம்பி இரண்டு கைகளையும் தொங்கப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இருபது வருடத்தில் முதல் முறையாக அந்த நாலு வரிகளை என்னால் பாட முடியவில்லை. ஐந்தாவது வரியில் அவன் சேர்ந்துகொண்டான். குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாகிவிட்டது. கடைசிப் பாட்டு முடிந்தபோது கூட்டம் இன்னொன்று கேட்டது. அவன் என் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் அவன் முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல மறந்துவிட்டோம், தப்பு எங்களுடையது என்றார் டிரம்மர். கராஜ்காரர் என்னைப் பார்த்ததும், "இவங்கதான் உன் அக்காவா? நம்ம பழைய ஆளாச்சே. எல்லா ஷோவுக்கும் முன்னாடி நிப்பாங்களே. நீங்களாவது தம்பிக்குச் சொல்லியிருக்கலாமே?" என்று கன்னடத்தில் கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார்.

"மறந்துட்டேன்," என்றேன்.

தம்பி மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவன். சிக்னலில் நின்றபோது, "ஏதாவது சாப்பிடறியாடா?" என்று கேட்டேன். "பேடக்கா," என்றான். வேண்டாம் என்பதைக்கூட கன்னடத்தில் சொல்லி என்னைத் தள்ளி வைத்தது போல இருந்தது. திட்டித் தொலைத்திருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வருடம் மைசூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "என்ன சாமி, எப்படி இருந்துச்சு? எல்லாரும் கை தட்டுனாங்களா? அக்கா பக்கத்துல இருந்து பாத்துக்கிச்சா?" என்று அடுக்கினாள்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றான். "அக்கா பாத்துக்கிச்சு."

தட்டு வைத்து இட்லி போட்டாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான். நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னைக் காப்பாற்றுகிறானா, குத்திக் காட்டுகிறானா என்று புரியாமல் தவித்தேன். அந்தத் தவிப்பைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன், நல்லவளாக இருப்பதற்காக இல்லை.

"நான் மறக்கலம்மா. எனக்குத் தெரியும். அந்த நாலு வரிய அவன் பாடக் கூடாதுன்னு மொத நாளே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த நாலு வரி?" என்று அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தம்பி தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியும்க்கா. நீ பாடிட்டிருந்தத பாத்தேன்ல. மறந்தவங்க அப்படிப் பாட மாட்டாங்க." தட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "பயம் வந்தா உன் மூஞ்சியப் பாத்துக்கலாம்னுதான் அந்த சீட்ட கேட்டு வாங்கினேன்."

எழுந்து கை கழுவப் போனான். இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடு என்று அன்று சொல்லவில்லை. பிறகு சொன்னேன், சரிக்கா என்றான், அதோடு முடிந்தது. இப்போது எப்போதும் போலத்தான் பேசுகிறான், காய்கறி வாங்கி வருகிறான், என் வண்டியில் காற்று அடித்து வைக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த நிகழ்ச்சி. முதல் வரிசை நடு இருக்கைக்கு அவன் அம்மாவை அழைத்துப் போனான். அம்மாவுக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூடத் தெரியாது.