கணக்கப்பிள்ளையின் வாயும் காலும்

தோட்டத்து மருந்துக்காரனுக்கு நோயைக் கண்டுபிடிப்பது லேசு. நோயாளி எதை எங்கே ஒளித்துத் தின்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். வாயைக் கட்டப் பார்த்துத் தோற்றவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி.

உள்ளங்கைச் சீனி

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுத்த காலம். கணக்கப்பிள்ளை மாரிமுத்துவுக்குச் சீனி வியாதி, காலில் ஆறாத புண். சீனியை அடக்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தார். "தேத்தண்ணியில் சீனி போடக் கூடாது" என்று நானும் கறாராகச் சொல்லிவைத்தேன்.

ஒரு கிழமை கழித்து அவர் சிறுநீரை மருந்தில் கலந்து காய்ச்சினால், சீனி இல்லாவிட்டால் நீலமாக நிற்க வேண்டியது செங்கல் நிறத்தில் கொதிக்கிறது! கோபத்தோடு வீட்டுக்கே போனேன். மனுஷன் வெறுந்தேத்தண்ணியை ஒரு மடக்கு குடிப்பதும், உள்ளங்கையில் குவித்த சீனியை ஒரு நக்கு நக்குவதுமாக உட்கார்ந்திருந்தார். மலையில் எல்லாரும் குடிக்கிற விதம்தான். என் புத்திக்குத்தான் எட்டவில்லை. என்னைக் கண்டதும் பெருமையாகச் சொன்னார்: "நீங்க சொன்னபடி தேத்தண்ணியில ஒரு மணி சீனி போடலைங்க ஐயா!"

ஏச்சுப் பசி

சீனி டப்பாவைப் பூட்டி, சாவியை அவர் மனைவி செல்லம்மா இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படியும் சில நாள் நீலம், சில நாள் செங்கல். கடையில் இனிப்புப் பனிஸ் ரொட்டி வாங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் நின்று தின்கிறாராம். "நிறுத்தணும்னுதான் நினைக்கிறேன், கை கேக்க மாட்டேங்குதுங்க" என்று மாரிமுத்து அழுதேவிட்டார். எந்தெந்த நாள் என்று விசாரித்தேன். செல்லம்மாதான் சொன்னார்: "காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல, அத்தனை ஆளுங்க முன்னாடி தோட்டத்துத் துரை ஏசுறாரு பாருங்க, அன்னைக்குத்தாங்க இவருக்கு இந்தப் பசி."

சாத்திய கதவு

எனக்குச் சுருக்கென்றது. துரை என்மேல் பாய்ந்த நாளெல்லாம் மருந்தலமாரியில் பஞ்சுக்குப் பின்னால் பிஸ்கட் தேடுகிறவன்தானே நானும்! "இனி ஏச்சு வாங்கினால் கடைக்குப் போகாதீர்கள், நேரே என் மருந்தறைக்கு வாருங்கள்" என்றேன். மறுநாளே வந்தார். கதவைச் சாத்தினேன். துரையின் தொப்பியில் ஆரம்பித்து அவர் பாட்டன் வரைக்கும் அரைமணி நேரம் திட்டித் தீர்த்தார். பாதியில் நானும் சேர்ந்துகொண்டேன். முடித்தபோது அவருக்குப் பனிஸ் ஞாபகமே இல்லை. அதன் பிறகு ஏச்சு விழுந்த நாளெல்லாம் அந்தக் கதவைச் சாத்தினோம்.

தவணை நாளன்று குழாயைக் காய்ச்சினேன். நீலம்! அசல் நீலம்! புண்ணும் பொருக்குக் கட்டியிருந்தது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, வெட்ட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மாரிமுத்து பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு காலாலும் மேடேறி வந்ததைப் பார்த்து நான் வெட்கமில்லாமல் அழுதேன். கூடவே வந்த செல்லம்மா சொன்னார்: "பாவம், துரைதான் இத்தனை நாளா பொரையேறாம ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டாருங்க!"

என்னிடமிருந்த மருந்திலேயே வீரியமானது அந்தச் சாத்திய கதவுதான். துரை பார்க்கிற மருந்துப் புத்தகத்தில் அதை மட்டும் நான் எழுதவில்லை.