வெறும் இடத்தில் நின்ற அம்புக்குறி

கதிரையைத் திரைக்கு முதுகுகாட்டப் போட்டுக்கொண்டு, வீடியோ பார்ப்பவரின் முகத்தையே பார்த்தபடி மிஸ் இருப்பது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் மென்பொருள் அலுவலகம். மீனவர் சங்கங்கள் உறுப்பினர் விபரங்களைப் பதிவதற்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். அதைப் பாவிக்கும் முறையைச் சொல்லும் வீடியோக்களை நாங்கள் இருவரும்தான் எடுத்தோம். மவுஸைப் பிடித்துச் செய்துகாட்டுவது நான். குரலும் எடிட்டிங்கும் அவர். என் வயதுதான். ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் மிஸ், எனக்கும் மிஸ்.

புல்மோட்டையிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ சங்கச் செயலாளர் யாராவது அலுவலகத்துக்கு வந்தால் மிஸ் விடமாட்டார். புது வீடியோவைப் போட்டுக்காட்டி, அவருடைய கண் எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு எனக்குப் பூசை நடக்கும். “மவுஸைச் சும்மா ஆட்டாதேங்கோ. சனத்தின்ர கண் அதுக்குப் பின்னாலதான் ஓடும்.” பார்க்கவேண்டிய இடத்தில் மஞ்சள் வட்டம் போட்டு, மற்றதையெல்லாம் மங்கலாக்கிவிடுவார். நான் எங்காவது இரண்டு செக்கன் தயங்கினாலும் ஈவிரக்கமின்றி வெட்டிவிடுவார்.

ஊராரின் கண் போகும் இடமெல்லாம் தெரிந்த அவருக்கு என் கண் போகும் இடம் மட்டும் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எதையாவது சொல்லியிருக்க அந்த நேரமே போதும். நான் சொல்லவில்லை, கோழை. அவருக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை அவுஸ்திரேலியாவில்.

அவர் வேலைக்கு வந்த கடைசி நாளும் ஒரு பதிவு எடுத்தோம். அவர் வாசித்துக்கொண்டு போக, அவரைப் பார்த்தபடியே பட்டனை அமத்த மறந்துபோனேன். வாசிப்பை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“திரும்ப எடுப்பமா, மிஸ்?”

“தேவையில்ல. நான் பாத்துக்கொள்ளுறன்.”

அன்று பின்னேரமே எடிட் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனார். போகும்போது, “வீடியோவை ஒருக்காப் பாருங்கோ” என்றார். ஓம் என்றேன். நான் பார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஏலாது என்று தெரியும்.

போன மாதம் மென்பொருளின் தோற்றத்தையே மாற்றினார்கள். பழைய வீடியோக்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடும் வேலை என்னிடம் வந்தது. நான்கு வருடங்களுக்குப் பிறகு அந்தக் கடைசி வீடியோவைத் திறந்தேன். குரல் சரளமாகப் போய் அந்த இடத்தில் நின்றது. அவர் வெட்டியிருக்கவில்லை. பட்டனுக்கு எட்டத் தள்ளி, ஒன்றுமில்லாத வெள்ளையில் என் அம்புக்குறி அசையாமல் நிற்கிறது. மற்றதெல்லாம் மங்கல். அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். ஆறு செக்கன்.

அவருக்கு இப்போது ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், நடக்கத் தொடங்கிவிட்டாளாம். நான் திரும்பத் திரும்ப அந்த ஆறு செக்கனையே ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். புல்மோட்டையிலும் கிண்ணியாவிலும் எத்தனையோ பேர் அந்த வட்டத்தைப் பார்த்து, இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்திருப்பார்கள். அது யாருக்காகப் போடப்பட்டதோ, அவன் மட்டும் பார்க்கவில்லை.