இரண்டு இடது சிறகுகள்

இங்கே உப்பு ஒட்டுவதில்லை. கடலே இல்லாத இந்தக் கனடா சமவெளிக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், சாப்பாட்டு மேசையில் உப்புக் குடுவையைக் கவிழ்க்கும்போது என் கை ஒரு கணம் தயங்கும். பொலபொலவென்று கொட்டிவிடுகிறது. தூத்துக்குடியில், ஊரைச் சுற்றி உப்பளமாகக் கிடக்கும் ஊரில், மழைக்காலம் வந்தால் ஜாடிக்குள் உப்பு நீர்விட்டுக் கட்டியாகிவிடும்; கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். இங்கே குளிர்காலக் காற்றில் ஈரம் என்பதே கிடையாது. கதவு சுருங்குகிறது, உதடு வெடிக்கிறது, கம்பளியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. காற்றை நனைப்பதற்கென்றே ஒரு மெஷின் வாங்கி, அதற்குத் தண்ணீரும் ஊற்றி, கரண்டு பில்லும் கட்டுகிறோம். போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டுத மாதிரி காத்துக்குக் காட்டுதீங்களாக்கும்" என்றாள். இங்கிருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லவரும் கதையில் பாதி வேலையைச் செய்தது காற்றுதான்.

ஊரில் நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தேன். இங்கே வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுது பார்க்கிறேன். அங்கே வெயிலில் குளிரைச் செய்தேன், இங்கே குளிரில் வெயிலைச் செய்கிறேன். எந்த ஊரில் எது இல்லையோ அதைச் செய்பவனுக்குத்தான் கூலி. அப்படி ஒருநாள் பக்கத்துத் தெருவில் வால்ட்டர் என்கிற கிழவரின் ஃபர்னஸைச் சரிசெய்யப் போனபோது, அவருடைய நிலவறையின் கூரையெங்கும் சின்னச் சின்ன விமானங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நிஜ விமானத்தின் அளவுகளை அப்படியே சுருக்கி, பால்சா என்னும் எடையற்ற மரத்தைச் சீவி, மெல்லிய தாள் ஒட்டிச் செய்தவை. வயிற்றுக்குள் ஒரு ரப்பர் நாடா. அதை முறுக்கிவிட்டால் மூக்கிலுள்ள விசிறி சுற்றிப் பறக்கும். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து, அவர் ஒரு பிளான் சுருளை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது ஒரு குளிர்காலம்" என்றார். ஆமாம், ரொம்பக் குளிர்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதைச் செய்து முடிக்க ஒரு குளிர்காலம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். ஊரில் நாங்கள் வேலையைக் குளிர்காலத்தால் அளந்ததில்லை.

எனக்கு விமானத்தில் பெரிய பித்து ஒன்றும் இல்லை. பித்து பிடித்தவன் என் அண்ணன் சூசை. சின்ன வயதில் மீன் பெட்டித் தெர்மாகோலைச் சீவிச்சீவி விமானம் செய்தவன் அவன். ஊருக்குப் பக்கத்து வாகைக்குளம் ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம் தலைக்குமேல் போனால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஏணி வைத்து ஏறும் அந்தக் கண்ணாடிக் கூண்டுதான் அவன் இதுவரை போன உயரம். விமானத்தில் ஏறியதே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபிறகு அம்மாவும் அவனுமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். பிளானைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது எனக்குச் சாயங்காலம், அவனுக்கு விடிகாலை. ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சட்டைப் பொத்தானைப் போடாமலே போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். உடலையும் வாலையும் நான் செய்வது. சிறகு ஆளுக்கு ஒன்று; அவனுக்கு மரமும் பிளானின் நகலும் நான் தபாலில் அனுப்புவது. கோடையில் அவன் விசிட்டர் விசாவில் ஒரு மாதம் இங்கே வருவது, வரும்போது தன் சிறகைக் கொண்டுவருவது, இங்குள்ள கோதுமை வயலில் இருவரும் நின்று பறக்கவிடுவது. சேர்த்துப் பொருத்தும் நாள் வரைக்கும் ஒருத்தன் சிறகை இன்னொருத்தனுக்குக் காட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டவன் அவன்தான்.

சிறகு செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளானைப் பலகைமேல் விரித்து, பசை ஒட்டாதபடி மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, கோட்டின்மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்திச் செய்வது. முன்விளிம்புக்கு ஒரு குச்சி, பின்விளிம்புக்கு ஒன்று, நடுவே வரிசையாக விலா எலும்புகள். நம் வீட்டில் ரவிக்கைக்குக் கை வெட்டும்போது ஒரு கைக்குத்தான் தாள் இருக்கும், அதுபோல பிளானிலும் ஒரு சிறகுதான் இருக்கும். வலது. இடதை அதற்கு எதிராகச் செய்துகொள் என்று ஓரத்தில் ஒரு வரி. அதற்கு வழி, தாளின் முதுகில் எண்ணெய் தடவுவது. கோடுகள் பின்பக்கம் தெளிந்து வரும். திருப்பிப் போட்டால் இடது சிறகு. ஆனால் எழுத்தும் எண்ணும் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். ஒவ்வொன்றையும் மனதுக்குள் புரட்டிப் புரட்டி வேலை செய்ய வேண்டும். கஷ்டமான சிறகு அதுதான்.

யார் எந்தப் பக்கம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அண்ணன் தம்பிக்குள் அதையெல்லாம் பேசும் வழக்கமில்லை. சின்ன வயதில் வீடு மாறியபோது அலமாரியை நாங்கள் இருவரும்தான் தூக்கினோம். மாடிப்படியில் பின்னோக்கி இறங்கியவன் அவன். எப்போதும் அவன்தான் பின்னோக்கி நடப்பான். அதை நினைத்துக்கொண்டே நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். இங்கே அது வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெந்நீரில் வைத்து உருக்கித் தாளின் முதுகில் தடவினேன். நிலவறை முழுக்க அம்மாவின் தலை வாசம் அடித்தது.

என் சிறகு முடிந்து தாளும் ஒட்டியாயிற்று. அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு விசா மறுத்துவிட்டார்கள். அவனுக்கு ஊரில் போதுமான பிடிமானம் இல்லையாம். அதனால் தங்கும் காலம் முடிந்து திரும்பிப் போவான் என்ற நம்பிக்கை வரவில்லையாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வீடு அம்மா பெயரில், வேலை காண்ட்ராக்ட். வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்த எனக்குக் கதவைத் திறந்தார்கள். திரும்பிவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவனை நம்பவில்லை. அம்மா போனை வாங்கி, "ஊர விட்டுப் போகாத பயலப் பாத்துத் திரும்பி வருவியான்னு கேக்கானுவ. போனவன ஒருத்தனும் கேக்கல" என்றாள். 

அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விமானத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். சிறகு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், கிடக்கு என்பான். ஒருநாள் அவனாகவே சொன்னான். "இங்கன எனக்கு என்ன இருக்குன்னு அந்த ஆபீசர் கேட்டுருக்கான். நானும் யோசிச்சுப் பாத்தேன்லே. ஒண்ணும் தோணல." கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்து அவன் அதை யோசித்திருப்பான் என்று நினைத்தபோது என்னால் வேலையில் நிற்க முடியவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதிய இரண்டு வரி, என் அண்ணனுக்குத் தன் வாழ்க்கையின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அவன் வரமுடியாவிட்டால் விமானம் அவனிடம் போகட்டும் என்று கிறிஸ்துமஸ் லீவுக்கு டிக்கெட் போட்டேன்.

ஏர்போர்ட் சோதனையில், உடலும் வாலும் என் சிறகும் வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சிறகைக் காட்டி, என்ன இது என்று அதிகாரிப் பெண் ஒருவர் கேட்டார். விமானத்தின் சிறகு என்றேன். ஏர்போர்ட்டில் சொல்லக்கூடிய வாக்கியமா அது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அவர் சிரித்தார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சிறகு எங்கே என்றார். என் அண்ணனிடம் இருக்கிறது என்றேன். அவர் உடனே எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அங்கே நிற்கமாட்டான் என்று தெரிந்தும்தான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு என் பெட்டியைத் திறந்தேன். அண்ணன் எழுந்து போய் அலமாரியின் மேலிருந்து, வேட்டியில் சுற்றிய தன் சிறகை எடுத்து வந்தான். செய்து முடித்துத்தான் வைத்திருந்தான். பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம்.  அவன் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தான். நான் என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் இரண்டுமே இடது.

"எண்ணெ தேச்சியா?" என்றான்.

"தேச்சேன். நீயும் தேச்சியா?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நான் அதை எடுத்துக்கிட்டேம்லே."

நானும் அதற்காகத்தான் எடுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. அம்மா இரண்டு சிறகுகளையும் பார்த்துவிட்டு, சுலபமானதைச் செய்ய இந்த வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். விசா மறுத்த பிறகு அண்ணன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது, அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் காலையில் இன்னொன்றும் தெரிந்தது. நான் செய்த சிறகின் தாள் தொளதொளத்துப் போயிருந்தது. கனடாவின் வறண்ட காற்றில் ஒட்டித் தண்ணீர் தெளித்து விறைக்க வைத்த தாள், ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிட்டது. அண்ணனுடையது ஊரிலேயே ஒட்டியது, அப்படியே விறைப்பாக இருந்தது. அவன் என் சிறகைத் தடவிப் பார்த்து, இது இந்த ஊர்க் காற்றைத் தாங்காது என்று வருத்தமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. வந்ததிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீரையே குடித்துக்கொண்டு, முந்தின மதியம் ஃபேனுக்கு அடியில் சுருண்டு கிடந்தவன் நான்.

ஆகவே அவனுடைய இடதை வைத்துக்கொள்வது, வலதை இருவரும் சேர்ந்து செய்வது என்று ஆயிற்று. பிளானை நேராகப் போட்டோம். அவன் குண்டூசி குத்த, நான் பசை வைத்தேன். மழை முழுவதும் விட்டிருக்கவில்லை, பசை காய மறுத்தது, அம்மா ஃபேனைத் திருப்பி வைத்தாள். தாள் ஒட்டும்போது ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். என் முழங்கை அண்ணனின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் போனில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆனால் இப்படி இடித்துக்கொண்டு உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் விடிகாலையில், கடலோரம் கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் உப்பளத்து வெளிக்குப் போனோம். அந்த நேரத்தில் கரைக்காற்று கடலைப் பார்த்து மெதுவாக வீசும். விமானத்தை நேராக விட்டால் கடலில்தான் போய் விழும் என்று எனக்குப் பயம். அண்ணன் அவசரப்படவில்லை. வாலில் இருந்த சின்னத் தாள் மடிப்பை விரலால் இடப்பக்கம் கொஞ்சம் வளைத்தான். "நேரா போறது வராது. கொஞ்சம் கோணல் வேணும்" என்றான். ரப்பரை நான் முறுக்கினேன், அவன் விட்டான். ஏறியது. தண்ணீர் தேங்கிய பாத்திகளுக்கு மேலே போய், கடலை நோக்கி நீண்டு, இனி கடல்தான் என்று நான் நினைத்த சமயத்தில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. பெரிய வட்டம் ஒன்று போட்டு, விசிறி நின்றபிறகும் மெல்ல மிதந்து, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உப்புத் தரையில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் அதை எடுக்கப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியாலே, திரும்பி வந்துட்டு" என்றான்.

அவன் அதை என்னிடம் சொல்லவில்லை, முகம் தெரியாத அந்த ஆபீசரிடம் சொன்னான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

விமானம் அங்கே அம்மாவின் அலமாரிமேல் இருக்கிறது. நான் என் தொளதொளத்த சிறகை அதே பெட்டியில் வைத்துத் திரும்பினேன். நிலவறையில் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், யாரும் தொடாமலே தாள் பழையபடி விறைத்திருக்கிறது. விரலால் சுண்டினால் டும் என்கிறது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சிறகை ஊரில் பிறந்த கைதான் செய்தது, ஆனால் அதற்கு ஒத்துக்கொள்கிற காற்று இங்கேதான் இருக்கிறது.

அண்ணன் மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஊரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த முறை என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னது ஒன்றுதான். "உன் இடதுக்கு ஜோடி வலத நீ செஞ்சிராத. நான் அங்கன வந்து செய்யுதேன்." அதனால் பலகைமேல் பிளானை நேராக விரித்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். என் எண்ணெய்க் கறை இன்னும் அதில் இருக்கிறது. ஒற்றை இடது சிறகு மேலே ஆணியில் தொங்குகிறது. ஈரக்காற்றில் இருந்தவன் வந்து உட்காரப்போகிற இடம், அவனுக்கு உதடு வெடிக்கக் கூடாது என்று பலகை பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊற்றி வைக்கிறேன்.