மீராசாவுக்குக் கிடைக்காத பாஸ்வேர்டு

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை ருக்கையாவுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. இருக்கிற வேலைகளோடு இன்னொன்று வந்து சேர்ந்ததாகத்தான் தோன்றியது. ஜும்ஆ தொழுகை முடிந்து கணவர் மீராசா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தபோது, அவள் கழுவாத மீனைப் பார்த்தபடி அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள்.

குவைத்தின் மங்காஃபில் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் அது ருக்கையாவுடையதுதான். காலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்துவிடுவாள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் இங்கிலீஷில்தான் பேசுகின்றன. பெயரையாவது தமிழில் எழுதட்டும் என்று அவர்களுடைய தாய்மார்கள் அவளிடம் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதற்கான பாடம் எல்லாம் அவளே செய்தது. எழுத்தின் மேலேயே எழுதிப் பழகும் தாள்கள், படங்கள், அவள் குரலில் பதிந்த குட்டிக் கதைகள். வருஷக்கணக்கில், சோறு வேகும் நேரத்திலும் பிள்ளை தூங்கும் நேரத்திலும் செய்து சேர்த்தவை.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் அத்தனையும் போயிற்று. மீராசாவுக்குப் பக்கத்து ஃபஹாஹீலில் அத்தர் கடை. பார்சல் துறைமுகத்தில் நிற்கிறது, விவரம் பார்க்க இதைத் திறக்கவும் என்று ஒரு மெயில் வர, வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்துவிட்டார். மறுநாள் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறிப்போயிருந்தது. பணம் கட்டினால்தான் விடுவிப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல் நின்றது. பிரதி எடுத்துவைத்திருந்த ஹார்ட் டிஸ்கையும் அவள் எப்போதும் பின்னால் செருகியே விட்டிருந்தாள். அதிலிருந்ததும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, “மாஃபி, பெஹன். கலாஸ்” என்று, ஒன்றும் மிச்சமில்லை, முடிந்தது என்கிற மாதிரி கையை விரித்தார்.

மீராசா இரண்டு நாள் கழித்து, “தெரியாமப் பண்ணிட்டேன் புள்ள” என்றார். அவள் “சரி மச்சான்” என்றாள். அதற்கு மேல் சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை. வகுப்பு நின்றது. சில தாய்மார்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நர்சரியிலிருந்து வந்தால் சாயங்காலம் சும்மாத்தான் இருந்தாள். அப்படிச் சும்மா இருந்ததில் அசதி கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்போது புதுசு வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் மகள் ஹிஃப்ஸா நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“உம்மா, ஜஸ்ட் டென் மினிட்ஸ், ப்ளீஸ். ஒன்லி ஒன் கேம்.”

“இன்னிக்கு யாரும் தொடக் கூடாது. எறங்கு.”

“எல்லாம் ரெடியாத்தானே வந்திருக்கு? கடையிலயே போட்டுக் காட்டினானே” என்றார் மீராசா.

“கடைக்காரன் போட்டது கடைக்கு. இது வீட்டுக்கு.”

மீனைக் கழுவி மசாலா தடவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மொழி, ஊர், நேரம் எல்லாம் கேட்டது, சொன்னாள். கூடவே வந்திருந்த விளையாட்டுகளையும், சில நாள் மட்டும் இலவசம் என்று பல்லைக் காட்டியவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். அப்டேட் போட்டாள். அது ஓடி, அணைந்து, எழுந்து, மறுபடி ஓடியது. அந்த இடைவெளியில் மீன் பொரித்தாள், துணி மடித்தாள், மறுபடி வந்து பார்த்தால் இன்னும் பாதிதான். அரபி எழுத்து அச்சிட்ட கீபோர்டில் தமிழ் அடிக்க ஏற்பாடு செய்து, ஹிஃப்ஸாவின் பெயரை அடித்துப் பார்த்தாள். வந்தது.

பிறகு கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு திறக்க ஆரம்பித்தாள். மகளுக்கு ஒன்று, மீராசாவுக்கு ஒன்று. மீராசா பக்கத்தில் நாற்காலி போட்டுக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“என் பேர்ல இருக்கிறதுல எல்லாம் செய்யலாமா?”

“மெயில் பாக்கலாம். கடைக் கணக்கு எழுதலாம். படம் பாக்கலாம். புதுசா எதையும் உள்ள ஏத்த மட்டும் முடியாது. அதுக்கு வேற பாஸ்வேர்டு கேக்கும்.”

“அந்தப் பாஸ்வேர்டு?”

“என்கிட்ட இருக்கும்.”

மீராசா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளியைக் காலால் தள்ளிச் சரிசெய்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

“ஒரு தப்பு பண்ணிட்டேன்னு என்னை ஹிஃப்ஸாவோட சேத்துட்டியா? வீட்டு ஆம்பளைய நம்பலையா நீ?”

ருக்கையா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பல மாதமாக இருவரும் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

“இங்க வாங்க மச்சான். இதப் பாருங்க.”

அவர் வந்தார். திரையில் இன்னொரு பெயரை அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள். ருக்கையா. அதற்கும் மீராசாவுக்குக் கொடுத்த அதே அளவு உரிமைதான்.

“இது நான். நானும் ஒங்கள மாதிரித்தான் உள்ள போவேன். பாடம் நடத்தறது, மெயில் பாக்கறது எல்லாம் இதுலதான். அசந்து போயி எதையாவது அமுக்கினா எனக்கும் அது நிறுத்தும்.”

“அப்ப எல்லாத்தையும் ஏத்துற அந்தப் பெரிய கணக்கு யாரோடது?”

“யாரோடதும் இல்ல. அவசியமா எதையாவது ஏத்தணும்னா மட்டும் தொறக்கிறது. அன்னிக்கு அப்படி ஒண்ணு இருந்திருந்தா, நீங்க அந்த மெயிலத் தொறந்தப்பவே தடுத்திருக்குமோ என்னமோ. இந்த மாதிரி பண்ணி வைக்காதது என் தப்பு. டிஸ்க்கச் செருகியே விட்டதும் நான்தான்.”

மீராசா அவளையே பார்த்தார். இத்தனை மாதமாக அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“என்மேல கோவம் இல்லையா ஒனக்கு?”

“இருந்துச்சு. இப்ப அசதிதான் இருக்கு.”

அவர் அடுக்களைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சர்க்கரை கூடியிருந்தது. அவள் குடித்தாள்.

கடைசியாகப் புது டிஸ்கைச் செருகிப் பிரதி எடுத்தாள். முடிந்ததும், ஹிஃப்ஸாவின் பெயரை அடித்துப் பார்த்த தாளை வேண்டுமென்றே அழித்துவிட்டு, டிஸ்கிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தாள். முன்பு இதைச் செய்து பார்த்ததே இல்லை. தாள் அப்படியே வந்தது. டிஸ்கைப் பிடுங்கி, துணி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி மீராசாவிடம் கொடுத்தாள். வாராவாரம் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பது இனி அவர் வேலை என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து, கடையிலிருந்து வந்த மீராசா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டார். மேட்ச் பார்க்க எதையோ ஏற்ற வேண்டுமாம், பாஸ்வேர்டு கேட்கிறது. ருக்கையா ஈரக் கையோடு வந்து படித்துப் பார்த்தாள்.

“இது வேணாம் மச்சான். எவன் செஞ்சதுன்னே தெரியல.”

“மேட்ச் ஆரம்பிச்சிருச்சு புள்ள.”

“போன்ல பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மூடினார். மேட்சைப் போனிலேயே பார்த்து முடித்தார். அது பெரிய விஷயமாகவும் ஆகவில்லை.

வகுப்பு மறுபடி தொடங்கியபோது பழைய பிள்ளைகளில் சிலர்தான் வந்தார்கள். போனவர்கள் போனதுதான். பழைய படங்களும் கதைகளும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அகரத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நர்சரியிலிருந்து வந்து, தலையைக்கூட வாராமல் திரை முன் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்று தாள் தயாரித்தாள். சில நாள் பாதியில் தூங்கிப்போனாள். அப்படிப்பட்ட நாட்களில் மீராசா வந்து செய்த வரைக்கும் சேமித்து, திரையை அணைத்துவிட்டு, அவளை எழுப்பிப் படுக்கச் சொன்னார்.