விடுதியைப் பூட்டும் நாளில் ஸ்பேனர்

ஏசி பழுது பார்க்கும் படிப்பில் அவள் ஒருத்திதான் பெண். குச்சிக் கைதான், ஆனால் துருவேறிய நட்டுகூட அதற்கு அடங்கிவிடும். அதனால் விடுதிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்பேனர். காப்பகத்தில் வளர்ந்தவள். பதினெட்டு முடிந்ததும் அங்கே அவளுடைய கட்டிலில் வேறொரு பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

நான் அந்த விடுதியில் பாத்திரம் கழுவுகிறவள். சாப்பிட்ட தட்டை அவள் என்னிடம் போடவே மாட்டாள்.

"வச்சிட்டுப் போயேன்டி."

"கழுவலன்னா கை அரிக்குதுக்கா" என்று சிரிப்பாள்.

விடுமுறைக்கு விடுதியைப் பூட்டுவார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாரும் கிளம்பிவிட வேண்டும். ஆனால் சொந்தக்காரர் யாராவது வந்து அழைத்தால்தான் பெண்களை வெளியே விடுவார்கள். வர ஆளே இல்லாதவள் எங்கே போய் நிற்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

காப்பகப் பிள்ளைகளுக்கு உதவவென்றே கல்லூரியில் ஒரு மேடம் இருந்தார். லீவுக்கு எங்கே தங்குவது என்று கேட்டு ஸ்பேனர் அவர் அறைக்கு நடையாய் நடந்தாள். "பாத்துக்கலாம்மா" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

விடுமுறையன்று காலை, வாசல் நிறையப் பெற்றோர். மேடம் போட்டோக்காரரோடு வந்தார். சக்கரம் வைத்த பெரிய பயணப்பெட்டி ஒன்றை ஸ்பேனரின் கையில் திணித்து, "எங்க காப்பகக் குழந்தை!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அதுவரை தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் சிரிம்மா."

"இத எடுத்துக்கிட்டு எங்க போறதுன்னு சொல்லுங்க மேடம், சிரிக்கறேன்."

"வாயப் பாரு!" அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு மேடம் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டியில் அடைத்த எச்சில் பருக்கையைத் தினமும் விரல் விட்டு எடுக்கிறேன். அதில்கூட இப்படிக் குமட்டியதில்லை.

சாயங்காலம் வார்டன் சாவியோடு வந்தார்.

"உன்னைக் கூப்பிட யாரு வர்றா?"

"யாரும் இல்ல."

"ஆள் வராம அனுப்ப முடியாது."

"அப்போ இங்கயே இருக்கேன்."

"பூட்டணும்ல? இருக்க முடியாது."

"அப்ப வாசப்படியில நின்னுக்கறேன். பாதி உள்ள, பாதி வெளிய."

வார்டன் முறைத்தார். ஸ்பேனர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "நான் அவளுக்கு அத்தை" என்றேன்.

நான் யார் என்று வார்டனுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அத்தை இல்லை என்பதும் தெரியும்.

"அப்பாடா! முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று பூட்டைத் தொங்கவிட்டார். வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெருமுனை வரை ஸ்பேனர் பெட்டியை உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "ஏன்க்கா, எவனாவது வந்து சித்தப்பான்னு நின்னிருந்தா?" என்றாள்.

"கூட்டிட்டுப் போன்னு விட்டிருப்பாங்க."

சாக்கடையோரம் துப்பிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்ல நானும் அம்மாவும்தான். வா."