சிப்லிங்: ஒன்று

கல்யாண பயோடேட்டா அடிக்கிறவனுக்கு யார் மேலும் நம்பிக்கை தங்காது. ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக உட்கார்ந்து இருபது வருஷமாக அடிக்கிறேன். நான் அடித்த தாள்களில் வயது இறங்கியிருக்கிறது, உயரம் கூடியிருக்கிறது, கறுப்பு மாநிறமாகியிருக்கிறது. ஒன்று கவனித்திருக்கிறேன். உள்ளதைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் தமிழில் சொல்கிறார்கள். எதையாவது மூட வேண்டுமென்றால் மேஜை மேல் குனிந்து, "அத மட்டும் இங்கிலீஷ்ல போட்டுருங்க அண்ணாச்சி" என்கிறார்கள்.

இங்கிலீஷ் அதற்குத் தோதான பாஷை. தமிழில் வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். வாயைத் திறந்ததும் குட்டு உடைந்துவிடும். அண்ணன், தங்கை என்றால் மூத்ததா இளையதா என்பதுகூட வெளியே வந்துவிடும். இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கின்றன. கசின், பேரன்ட், டாக்டர், ஃப்ரெண்ட். உள்ளே இருப்பது மீசையா வளையலா, தெரியாது. பின்னாலேயே ஒரு ஹீயோ ஷீயோ வந்து காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பயோடேட்டாவில் அது வருவதே இல்லை.

என் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பையனின் தாளில் எல்லாம் தமிழ். நட்சத்திரம், குலதெய்வம், அப்பா போலீசிலிருந்து ஓய்வு, பையனுக்குக் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி வேலை. கூடப் பிறந்தவர்களுக்கான ஒரே ஒரு வரி மட்டும் இங்கிலீஷ். சிப்லிங்: ஒன்று.

சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது எனக்கு.

மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு பையன் டீச்சர் என்ற சொல்லுக்கு நேரே ஃபெமினைன் என்று எழுதியிருந்தான். அவன் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறான். அவள் தப்புப் போட்டாள்.

"சிப்லிங் எதுல சேத்தி?" என்றேன்.

"காமன் ஜென்டர்ப்பா. ரெண்டுக்கும் பொது."

"அதான் இடிக்கு."

அவள் தலை நிமிரவில்லை. அடுத்த தாளை எடுத்தாள்.

என் மனைவி அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். "மூத்தது வெளியூர்ல இருக்கு. வரும், போகும்" என்றாராம்.

"பிள்ளையா பூனையா?" என்றேன்.

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவா. ஒங்க பக்கத்துக் கடைக்காரரு தெலுங்கு வீட்டு ஆளு, சொந்த அம்மாவையே வந்துச்சு போச்சுங்காரு. அதுக்கென்ன சொல்லுதீங்க?" என்றவள், செத்த நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். "அக்காவா இருந்து, கட்டிக் குடுக்காம உள்ள வச்சிருந்தா? நம்ம பிள்ளைல்லா போயி அம்புட்டு பேருக்கும் பதில் சொல்லணும். நேர்ல போயி விசாரிச்சுட்டு வாங்க."

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ் பிதுங்கியது. நானும் மலைக்குப் போகிறவன் மாதிரி ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். கோவிந்தா என்று எல்லாரும் கத்தும்போது நானும் கத்தினேன். பெருமாள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ.

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிறவன் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. அவர்கள் ஒன்று சொந்தமாக இருப்பார்கள், இல்லாவிட்டால் பகையாக இருப்பார்கள். இஸ்திரி வண்டிக்குத்தான் போக வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று துணி சொல்லிவிடும்.

"அந்தப் போலீஸ்காரர் வீட்டுல எம்புட்டுத் துணி வரும்?" என்றேன் இஸ்திரிக்காரரிடம், வெயிலைப் பற்றிக் கேட்கிற குரலில்.

"ஆம்பளத் துணி ஒருத்தருக்கு. சேலை ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருன்னு எப்படித் தெரியும்?"

"ப்ளவுஸ் அளவு வேறல்லா."

மாட்டினார்கள் என்று உள்ளே ஒரு குதூகலம். அக்காதான். ஒளித்து வைத்த அக்கா. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "எம் ப்ளவுஸ் அளவு உங்களுக்கு எதுக்குங்கய்யா?"

நல்ல உயரம். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணி மூட்டை. இஸ்திரிக்காரர் ஏற்கெனவே தேய்த்த காலரை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"பொண்ணு வீடா?" என்றார் மூட்டையோடு நின்றவர், என் துண்டைப் பார்த்துக்கொண்டே. "வாங்க, டீ குடிச்சுக்கிட்டே விசாரிங்க."

டீக்கடை பெஞ்சில், ஊர் பார்க்க, அவரே ஆரம்பித்தார். "அந்த ஒரு வரிக்கு வீட்டுல மூணு நாள் சண்டை. அப்பா அண்ணன்னு போடச் சொன்னாக. தம்பி, அக்கான்னு போட்டாத்தான் தாளை வெளிய அனுப்புவேன்னு நின்னான். அம்மா, வரியவே எடுத்துருவோம்னு அழுதாக. நான்தான் சிப்லிங்னு போடுன்னேன். பொய்யும் இல்ல, சண்டையும் இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் கண் அவர் தொண்டைக்குப் போயிற்று, கைவிரலுக்குப் போயிற்று, மறுபடி முகத்துக்கு வந்தது, பஸ்ஸில் பையைத் துழாவுகிற சோதனைக்காரன் மாதிரி. அவர் டீயை ஆற்றிக்கொண்டு, துழாவி முடிக்கட்டும் என்று இருந்தார்.

"பொறந்தப்ப பையன்னு பேர் வச்சாக. பதினெட்டு வயசுல வீட்டை விட்டுப் போனேன். இப்ப சென்னையில லேப் டெக்னீசியன். நாலு வருஷமாத்தான் வாரேன், போறேன். கல்யாணத்துக்கு நான் வர மாட்டேங்கய்யா. நாத்தனார் முடிச்சுக்கு சித்தி மக இருக்கா. ஒங்க ஆளுக யார் கண்ணுலயும் பட மாட்டேன். என்னைய வச்சு மட்டும் தம்பிய வேண்டாம்னு சொல்லிராதீக."

"எங்க பொண்ணுகிட்ட இத எப்படிச் சொல்லுததுன்னு..."

"அவுகளுக்குத் தெரியும். அவுக கூடப் பேசுன மொத போன்லயே தம்பி சொல்லிட்டான்."

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார முடியவில்லை. ஊரையெல்லாம் சோதித்த கண் இப்போது என் வீட்டுக்குள் திரும்பியது. அன்றைக்கு நிமிராத தலை.

"ஏன் சொல்லல?" என்றேன் மகளிடம்.

"நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியலப்பா."

"எம்மேலயே சந்தேகமா?"

"பின்ன?" என்றாள். "அவங்கள மறைச்சு வச்சுட்டு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம். அவங்க வந்து முடிச்சுப் போடணும். இல்லன்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நானே சொல்லிடுவேன். இத்தனைக்கும் அவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவள் முகத்தில் ஒவ்வொருவராகப் போய்வந்தது தெரிந்தது. கடைசியில், "மாப்பிள்ளை போடுதது ஒரு முடிச்சு. மிச்சம் ரெண்டும் நாத்தனாரு. அவுகளுக்குக் கை உறுதியா இருந்தாச் சரி. போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். பையனின் அம்மாதான் எடுத்தார். "முடிச்சுப் போட உங்க மூத்த மக வரணும்" என்றேன்.

"யாரு சொல்லிக் குடுத்து இப்படிக் கேக்கீக?"

"யாருமில்லம்மா."

"போனை வேற யாரும் கேக்காகளா? சிரிக்கதுக்கா?"

இல்லை என்பதற்குள் வைத்துவிட்டார். என் சந்தேகத்துக்கு இருபது வருஷ வயது. அவருடையது அதைவிடத் தழும்பேறியது.

நாலாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் வந்து மேஜையில் கை ஊன்றினார். "அண்ணாச்சி, ஒங்களப் பத்தி ஒரு அம்மா விசாரிச்சுட்டுப் போச்சு. ஆளு எப்படி, சொன்ன சொல்லு மாறுவாரா, நாலு பேரு மத்தியில யாரையாச்சும் கேலி பேசுவாரான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீரு?"

"உள்ளதச் சொன்னேன். சந்தேகம் ஜாஸ்தி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சொன்ன சொல்லு மாற மாட்டாருன்னேன். சரிதான?"

சரியா என்று எனக்கே தெரியவில்லை. அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. மறுநாள் காலையில் அந்த அம்மா போன் பண்ணினார். முகமன் எதுவும் இல்லை.

"கல்யாணத்துக்கு முந்தின நாளே அவள வரச் சொல்லியிருக்கேன். மேடையில அவ பக்கத்துல நீங்க நிக்கணும். கூட்டத்துல ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னாலும் நான் அவனப் பாக்க மாட்டேன், ஒங்களத்தான் பாப்பேன்."

"பாருங்கம்மா" என்றேன்.

தையில் முகூர்த்தம். அந்த அம்மா இன்னும் என்னை நம்பவில்லை. நம்பும்படி நான் எதுவும் செய்துவிடவும் இல்லை. அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை நானே அடித்தேன், தமிழில். ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்குகிறேன். மச்சான், சித்தப்பா, பங்காளி. இவர்களில் எவன் வாய் திறப்பான் என்று ஒவ்வொரு பெயரிலும் நின்று நின்று பார்க்கிறேன்.